தோட்டத்து நாடகக் குழுவில் ஒரு கொலை: எடுபடுமா?

3 மார்ச் 2025

“தோட்டத்தில் துப்பறியும் கதை எடுபடாது. லயத்து வரிசை வீட்டில் ஒருத்தன் இருமினால் பத்தாவது வீட்டில் கஷாயம் கொதிக்கும். அங்கே போய் ‘கொன்றது யார்’ என்று முந்நூறு பக்கம் தேடினால் எவன் நம்புவான்?”

நான் போட்டிருந்த கதைச் சுருக்கத்துக்கு வாசகர் ஒருவர் எழுதிய கேள்வி இது. ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். சுருக்கத்தைப் படிக்காதவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன்: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம், 1979. மாரியம்மன் திருவிழாவுக்கு வருடாவருடம் நாடகம் போடும் குழு. கடைசிக் காட்சியில் கதாநாயகன் விஷம் குடித்துச் சாக வேண்டும். குடிக்கிறார், நிஜமாகவே செத்துப்போகிறார். ஜனங்கள் கைதட்டுகிறார்கள்.

கைதட்டல் பழைய தந்திரம், தெரியும். அதை எடுத்துவிடலாம். என் கேள்வி வேறு. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த இடத்தில் மர்மம் இருக்க முடியுமா? முடியும் என்கிறேன். எப்படி என்று இன்னும் பிடிபடவில்லை. எழுதி எழுதித்தான் பார்க்க வேண்டும்.

4 மார்ச், காலை

முதலில் விஷம். தோட்டம் என்றதும் எல்லாரும் பாராகுவாட், அந்தக் களைக்கொல்லி மருந்து, என்கிறார்கள். நானும் முதல் வரைவில் அதைத்தான் வைத்திருந்தேன். தப்பு.

பாராகுவாட் குடித்தவர் மேடையில் சுருண்டு விழமாட்டார். வாயும் தொண்டையும் புண்ணாகும், வாந்தி எடுப்பார், மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சிகூடக் கேட்பார். வீட்டில் எல்லாரும் பிழைத்துவிட்டார் என்று நினைப்பார்கள். அப்புறம்தான் நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். நாள் கணக்கில், சில பேருக்கு வாரக் கணக்கில் இழுக்கும். பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பின்னாளில் யாரும் தெரியாமல் குடித்துவிடக் கூடாது என்று அதில் நீலச் சாயமும் நாற்றமும் வாந்தி மருந்தும் கலந்தார்கள். நம் நாட்டில் 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. மருந்தடிக்கிற கும்பலில் வேலை செய்த பெண்களின் நகங்களை அருகில் பார்த்தவர்களுக்கு இந்த வருடக் கணக்கு எவ்வளவு நீளம் என்று தெரியும்.

பார்மிக் ஆசிட்? ரப்பர் பால் உறைய வைக்க ஸ்டோரில் ஜாடி ஜாடியாக இருந்தது. ஆனால் மூடியைத் திறந்தாலே மூக்கைப் பிய்க்கும். அதைத் தெரியாமல் குடிக்க மூக்கில்லாத கதாநாயகன் வேண்டும்.

4 மார்ச், இரவு

சரி, சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை முழுக்கக் கற்பனை இல்லை. யாரும் சாகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1979. எனக்குப் பதினான்கு வயது. எங்கள் தோட்டத்துக் குழுவில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று, படுதாவுக்குப் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது. இன்னொன்று, மண்ணெண்ணெயில் எரியும் கேஸ் விளக்கைப் பார்த்துக்கொள்வது. தோட்டத்தில் கரண்ட் எஞ்சின் ராத்திரி பத்து மணிக்கு நின்றுவிடும். திருவிழா என்பதால் பன்னிரண்டு வரை ஓட்ட, தோட்ட மேனேஜர் துரையிடம் கேட்டு வாங்கியிருந்தார்கள். பதினொரு மணிக்கே அது இருமி இருமிச் செத்தது. டிரம்களின் மேல் பலகை போட்ட மேடை, லோரிக் கன்வாஸ் கூரை, இரண்டு பக்கமும் கேஸ் விளக்கு. பம்ப் அடித்து அடித்து என் கை வீங்கிவிட்டது.

விஷக் காட்சிக்குப் பச்சைக் கண்ணாடி பாட்டில். உள்ளே சீனித் தண்ணீர். ராஜபார்ட் அண்ணன் வசனம் பேசிவிட்டு, கண்ணை மூடி, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். குடித்தார். அடுத்து நாலு வரி வசனம் இருக்கிறது. வரவில்லை. நான் படுதாவுக்குப் பின்னாலிருந்து “மரணமே வா, மரணமே வா” என்று மூன்று முறை எடுத்துக் கொடுக்கிறேன், அவர் என்னைப் பார்த்து முழிக்கிறார். முழி வெளியே வந்துவிட்டது. பாட்டிலில் இருந்தது மண்ணெண்ணெய்.

நாற்றம் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். மேடை முழுக்க இரண்டு மணி நேரமாக மண்ணெண்ணெய் நாற்றம்தானே.

ஆளாளுக்கு உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் என்று ஓடினார்கள். தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, “வாந்தி எடுக்க வைக்காதீங்க, யாரும் கை வைக்காதீங்க” என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. மண்ணெண்ணெய் வயிற்றுக்குள் போவதைவிட, வாந்தியோடு ஏறி நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. அதற்குள் யாரோ ஒரு சொம்பு ஊற்றிவிட்டிருந்தார்கள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தார். குரல் பழைய குரல் இல்லை. பாட்டு போய்விட்டது.

யார் மாற்றி வைத்தது? மண்ணெண்ணெய் தகர டின்னில்தான் இருந்தது, விளக்குப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா? இடையில் ஒரு தரம் விளக்கை இறக்கி, சாமான் மேசைமேல் வைத்து நிரப்பினேன். அப்போதெல்லாம் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. மறுநாள் காலையில் மேடையைப் பிரிக்கும்போது மேசைக்கு அடியில் இன்னொரு பச்சைப் பாட்டில் கிடந்தது. வாயில் எறும்பு மொய்த்திருந்தது. சீனித் தண்ணீர். ஆக யாரோ அதைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை மேலே வைத்திருக்கிறார்கள். அந்த எறும்பைப் பார்த்த நிமிடத்திலிருந்து நான் துப்பறிவாளன்.

6 மார்ச்

துப்பாக்கி வைக்கலாமே என்று கேட்டவருக்கு: வேண்டாம். துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் வருடச் சட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் துப்பாக்கி என்றால் கதையின் எடையே மாறிவிடும். அது திருவிழா நாடகம் தாங்காது. எங்கள் குழுவில் துப்பாக்கி பலாக் கட்டையில் செதுக்கியது. ‘டுமீல்’ சத்தத்துக்கு உள்ளே ஒருவர் இரண்டு பலகையை அடிப்பார். ஒரு வருடம் வில்லன் சுட்டார், பலகை அடிக்கவில்லை. உள்ளே ஆள் சுருட்டு குடிக்கப் போய்விட்டார். சுடப்பட்டவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மாரடைப்பில் இறந்தார்.

9 மார்ச்

குழுவைப் பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். கொலைக் கதைக்கு அதுதான் முக்கியம். யார் யாரைக் கொல்ல நினைப்பார் என்பது ஒத்திகையில்தான் தெரியும்.

ஒத்திகை ஆயாக் கொட்டகையில். பகலில் கைப்பிள்ளைகள் தூங்கும் இடம், ராத்திரி ஏழரைக்கு மேல் எங்களுக்கு. ஏணைக் கயிறுகளை ஓரமாகச் சுருட்டிக் கட்டிவிட்டு நடுவில் நின்று வசனம் பேசுவார்கள். மூத்திர வாடையில்தான் ராஜா முடிசூடினார். நாலு மணிக்கு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, காண்டா வாளி சுமந்து, மத்தியானம் ஸ்டோரில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். ஒன்பதரைக்கு மேல் யாராலும் நிற்க முடியாது. ஆனாலும் வருவார்கள்.

பெண்களை மேடையேற்ற வீட்டில் விடமாட்டார்கள். ஸ்திரீபார்ட் போட்டவரும் பால் வெட்டுகிற அண்ணன்தான். நெற்றி, கண், மூக்கு எல்லாம் அப்படி ஒரு அழகு. கைதான் காட்டிக் கொடுக்கும். பால் கறை விரல் ரேகைக்குள் கறுப்பாக இறங்கியிருக்கும், எத்தனை பவுடர் போட்டாலும் போகாது. அதனால் அவர் கையை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடிப்பார். “என்னா நளினம்” என்று ஊரே வியந்தது. கையை மறைக்கப் பட்ட பாடு அது. ஒட்டுத்தாடிக்குப் பசை வாங்கக் காசில்லை என்று கொஞ்சம் ரப்பர் பாலைத் தடவி ஒட்டிய வருடமும் உண்டு. பிய்த்தபோது மீசையோடு தோலும் வந்தது. முனிவர் வேடம் போட்டவர் மூன்று நாள் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், ‘சீக்கு’.

இந்த நாடகங்களின் வேர் இரண்டு. ஒன்று, கோவில் திருவிழாவில் விடிய விடிய நடந்த புராணக் கூத்து, காமன் கூத்து. இன்னொன்று, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952இல் தொடங்கிவைத்த தமிழர் திருநாள், அப்புறம் மணிமன்றங்கள் என்ற இளைஞர் மன்றங்கள் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்த சீர்திருத்த நாடகம். எங்கள் குழுவில் இரண்டும் கலந்திருக்கும். முதல் பாதியில் மூடநம்பிக்கையைக் கண்டிப்போம், இரண்டாம் பாதியில் அம்மன் வந்து காப்பாற்றுவாள்.

மோட்டிவ்? அதற்குப் பஞ்சமே இல்லை. அந்த வருடக் கதாநாயகன் வேடம் முதலில் இன்னொருவருக்குத்தான் என்று இருந்தது. அவரை வில்லன் அண்ணன் என்றே சொல்கிறேன், ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. கடைசி நேரத்தில், பாட்டு வராது என்று மாற்றினார்கள். ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. நாடகத்தன்று இடைவேளையில் அவர் சாமான் மேசைக்குப் பக்கத்தில் நின்றதை நானே பார்த்தேன். அப்புறம் ராஜபார்ட் அண்ணன் விழுந்ததும் முதல் ஆளாக ஓடிவந்து முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினவரும் அவர்தான். குற்றம் செய்தவன்தான் முதலில் ஓடுவான் என்று பதினான்கு வயதிலேயே முடிவு கட்டிவிட்டேன். கதையிலும் கொலைகாரன் அவர்தான். பெயர் மாற்றிவிட்டேன்.

10 மார்ச்

1950களுக்குக் கதையைத் தள்ளினால் விஷம் எளிது என்று ஒருவர் சொல்கிறார். உண்மைதான். அந்தக் காலத்தில் புல்லுக்கு அடித்தது சோடியம் ஆர்சனைட். ஆர்சனிக்குக்கு வாடை கிடையாது, வாந்திபேதி மாதிரியே காட்டும். நம்மவர்கள் மறுநாளே எடுத்துவிடுவார்கள், எரித்துவிட்டால் ஆதாரமும் போச்சு. புதைத்திருந்தால் மட்டும் சிக்கல். 1836லேயே மார்ஷ் என்பவர் கண்டுபிடித்த சோதனை இருக்கிறது, தோண்டியெடுத்தாலும் காட்டிக் கொடுக்கும்.

ஆனால் எங்கள் ஊரில் ஐம்பதுகளைத் தொட்டால் வேறு கொலை வந்து உட்கார்ந்துவிடும். 1948 ஜூன் 16. காலையில் எல்பில் தோட்டத்தில் ஒரு துரை, கொஞ்ச நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் இரண்டு பேர். அதிலிருந்து கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம், 1960 வரை. சுங்கை சிப்புட்டில் ‘கொலை’ என்று சொன்னாலே பெரியவர்கள் அதைத்தான் ஆரம்பிப்பார்கள். அதில் மர்மம் ஒன்றும் இல்லை, பட்டப்பகலில் சைக்கிளில் வந்து சுட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பக்கத்தில் என் ராஜபார்ட் எடுபடமாட்டார். 1979லேயே இருக்கட்டும்.

15 மார்ச்

துப்பறிகிறவர் யார் என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். டவுன் போலீஸ் இன்ஸ்பெக்டரை உள்ளே விட்டால் லயமே ஊமையாகிவிடும். “தெரியாதுங்க, நான் தூங்கிட்டேங்க.” நூறு வீட்டிலும் அதே வாக்கியம். டிரெசர் நல்ல ஆள், ஆனால் அவருக்கு உடம்பு தெரியும், ஊர் தெரியாது. எனக்குத் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணிதான் பிடிக்கிறது. காரணம் செக்ரோல்.

செக்ரோலைப் பார்த்திராதவர்களுக்கு: யார் வேலைக்கு வந்தார், எந்த நிரை, எத்தனை ராத்தல் பால், அரை நாளா முழு நாளா எல்லாம் அதில் இருக்கும். சம்பளக் கணக்குக்காக எழுதினார்கள். ஆனால் ஒரு துப்பறிவாளன் கையில் கொடுத்தால் தோட்டமே எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. “அன்னைக்கு நான் பதினேழாம் நம்பர் காட்டுலதான் இருந்தேன்” என்று ஒருத்தன் சொல்கிறான். செக்ரோலில் முழு நாள் என்றுதான் இருக்கிறது. ஆனால் அவன் பால் வழக்கத்தில் பாதி. பக்கத்து நிரைக்காரர்கள் யாருக்கும் குறையவில்லை. அப்படியானால் மழை இல்லை. பாதி மரத்தை வெட்டிவிட்டு எங்கே போனான்?

அதையும் மழுப்பலாம், தண்ணீர் கலந்து எடை ஏற்றலாம். அப்போது மரத்திடம் போக வேண்டும். பால்மரம் பொய் சொல்லாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் உளி ஒரு மெல்லிய சீவல் பட்டையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும். வெட்டுக் கங்காணி பட்டைச் செலவு பார்க்க மரத்தில் குறி போட்டுவைப்பார். அந்தக் குறியிலிருந்து சீவல்களை எண்ணினால் எந்த மரம் ஒரு வெட்டு குறைவு என்று தெரிந்துவிடும். கிராணி அந்திக் கருக்கலில் ஒவ்வொரு மரமாக விரலால் தடவி எண்ணிக்கொண்டு போகிறார். இருட்டிய பிறகும் விரல் எண்ணிக்கொண்டிருக்கிறது. இந்தக் காட்சியை எழுதி முடித்ததும் எனக்கே ஒரு தே (டீ) குடிக்க வேண்டும்போல் இருந்தது.

16 மார்ச்

பால் வெட்டிய ஒருவர் திருத்துகிறார்: ஒரு வெட்டு குறைந்ததைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, விரலாலும் முடியாது, கைவாகு ஒவ்வொருத்தருக்கும் வேறு. ஒரு மாதம் விட்டால்தான் தெரியும். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காட்சியை விடமாட்டேன். கிராணி தப்பாக எண்ணட்டும். தப்பாக எண்ணித் தப்பான ஆளைப் பிடிக்கட்டும்.

அவரே இன்னொன்றும் சொல்கிறார்: அவர் குழுவில் குடிகாரன் வேடத்துக்குக் குப்பியில் பால் கலக்காத தே ஊற்றிவைப்பார்களாம். நடிகர் கள்ளுக்கடை வழியாக வந்ததால் குப்பியை மாற்றிக்கொண்டே மேடையேறினாராம். மூன்று காட்சிக்கு எழுதிய வேடம் ஏழு காட்சி நடந்தது, கடைசியில் அம்மனிடமே கடன் கேட்டார் என்கிறார். இதை அப்படியே திருடிக்கொள்கிறேன்.

22 மார்ச்

முதல் கேள்வியை எழுப்பிய வாசகர் திரும்ப வந்திருக்கிறார். நான் மூன்று வாரமாகச் சுற்றிச் சுற்றித் தேடியதை ஒரு வரியில் எழுதிவிட்டார்: “தோட்டத்தில் ரகசியம் கிடையாது ஐயா. சாட்சிதான் கிடையாது.”

இதுதான். இதைத்தான் நான் கதையாக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. நூறு வீட்டுக்கும் தெரியும், ஒரு வாயும் திறக்காது. ஏன் திறக்காது? துரைக்குப் பயம் என்று ஒரு காலத்தில் எழுதினோம். அது பாதிதான். இன்னொரு பாதி கணக்கு. அந்தக் காலத்தில் கொலைக்கான 302ஆம் பிரிவு என்றால் தூக்கு, வேறு தண்டனையே கிடையாது. கட்டாயத் தூக்கை 2023 ஜூலையில்தான் எடுத்தார்கள். வழக்கு ஜூரி முன்னால் நடக்கும், 1995 வரை அப்படித்தான். டவுனிலிருந்து வந்த ஜூரி முன்னால் ஏறி நீ சொல்லப்போகிற ஒரு வார்த்தை அடுத்த வீட்டுப் பிள்ளையின் கழுத்து. அதன் பிறகு அவன் அம்மாவோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும், இருபது வருடத்துக்கு. யார் ஏறுவார்?

ஆக, கிராணி கொலைகாரனைக் கண்டுபிடிப்பது கதையின் உச்சம் இல்லை. தனக்கு முன்னாலேயே எல்லாருக்கும் தெரியும் என்று அவர் கண்டுபிடிப்பதுதான் உச்சம். கடைசி அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டு மறுபடியும் ஆரம்பிக்கிறேன்.

23 மார்ச்

ராத்திரி முழுக்க எழுதினேன். வில்லன் அண்ணனைக் கிராணி கோவில் வாசலில் நிறுத்துகிறார். சுற்றிலும் ஜனம். யாரும் ஆச்சரியப்படவில்லை. நன்றாக வந்திருக்கிறது.

நிஜத்தில் நான் அவ்வளவு தைரியமாக எதுவும் செய்யவில்லை. அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். 1998இல் அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வீடு தேடி ஷா ஆலம் வரை வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். போகவில்லை. மொய்யும் அனுப்பவில்லை. அன்றைக்கு வாசலில் செருப்பை மாட்டும்போது, “தம்பி, இன்னும் விளக்குக்குப் பம்ப் அடிக்கிறியா” என்று கேட்டுச் சிரித்தார். குத்திக்காட்டுகிறார் என்று நினைத்தேன்.

29 மார்ச்

ஒருவர் நல்லபடியாகவே கேட்டிருக்கிறார். மண்ணெண்ணெய் தகர டின்னில் இருந்தது என்றால், அது பச்சைப் பாட்டிலுக்கு எப்படி வந்தது? மாற்றியவர் பாட்டில் தேடி, டின்னைத் தேடி, ஊற்றி, மூடி எடுத்துவர வேண்டும். டின் உங்கள் காலடியில் இருந்தது. நீங்கள் பார்க்காமல் எப்படி ஊற்றினார்?

முன்னாடியே தயார் பண்ணிக்கொண்டு வந்திருப்பார். வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் இருந்த காலம்.

அவர் விடவில்லை: “சரி. விளக்கை மேசைமேல் வைத்து நிரப்பினேன் என்கிறீர்கள். மேசையில் இடம் இருந்ததா?”

என்ன கேள்வி இது.

30 மார்ச்

இடம் இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். கிரீடம், வாள், கமண்டலம், தூது ஓலை, பாட்டில். சின்ன மேசை. பள்ளிக்கூடத்து மேசை. விளக்கின் அடிப்பாகம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம் இருக்கும்.

எதையாவது எடுத்துக் கீழே வைத்திருப்பேன்.

5 ஏப்ரல்

ஸ்திரீபார்ட் அண்ணனுக்குப் போன் போட்டேன். கிள்ளானில் மகன் வீட்டில் இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம். முதலில் அரை மணி நேரம் யார் யார் போய்விட்டார்கள் என்ற கணக்கு. ராஜபார்ட் அண்ணன் போனது தெரியும். டிரெசர் அதற்கு முன்னாலேயே. கிராணியார் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். அப்புறம் மெல்லக் கேட்டேன். கதை எழுதுறேண்ணே, அந்தப் பாட்டில் விஷயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

“தம்பி, நிசமாவே தெரியாமத்தான் கேக்குறியா?”

தெரியாமத்தாண்ணே.

“டின்னு அடி துருப்புடிச்சி ஒழுகிக்கிட்டுல்ல இருந்துச்சி. அந்தியில நாந்தானே உனக்குப் பச்சப் பாட்டில்ல ஊத்திக் குடுத்தேன். சேலையில பட்டுச்சின்னு உன்னைய வஞ்சேனே. நீ வெளக்குக்கு ஊத்திட்டு மேசமேலயே வச்சிட்டுப் போயிட்ட. அவசரம். நான் குடுத்ததும் தப்புதான்.”

எனக்குக் காது அடைத்துவிட்டது. யாருக்கெல்லாம் தெரியும்ண்ணே?

சிரித்தார். “யாருக்குத் தெரியாது?”

விழுந்தவரை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போதே டிரெசர் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைத் தேடியிருக்கிறார். நான் கொட்டகைக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேனாம். அன்றைக்கு ராத்திரியே எனக்குக் காய்ச்சல், மூன்று நாள் பிதற்றினேனாம். ராஜபார்ட் அண்ணன் பேச்சு வராமல் ஒரு காகிதத்தில், பையனுக்குச் சொல்லாதீங்க என்று எழுதிக் கொடுத்தாராம். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து எங்கள் அப்பாவிடம் காட்டியது வில்லன் அண்ணன்.

“நீ அவனத்தான் சந்தேகப்படுறேன்னு அவனுக்கே தெரியும்பா. நாங்க சொல்லிறலாம்னோம். அவன்தான் வேணாமுன்னான். ‘சின்னப்பய, என்னையே நெனச்சிக்கிட்டுப் போவட்டும்’னான்.”

6 ஏப்ரல், விடியற்காலை

காய்ச்சல் ஞாபகம் இருக்கிறது. திருவிழாவில் கண்ட தண்ணியைக் குடித்ததால் வந்தது என்று அம்மா சொன்னாள். அம்மா 2009இல் போனாள். முப்பது வருடம் ஒரே வீட்டில்தான் சாப்பிட்டோம்.

லயத்தில் அன்றைக்கு எழுபது வீடு. அந்த எழுபது வீட்டுப் பிள்ளைகளோடும்தான் பள்ளிக்கூடம் போனேன், பந்து அடித்தேன், அதில் ஒருத்தனோடு பெரிய சண்டை போட்டுப் பல்லை உடைத்திருக்கிறேன். அந்தச் சண்டையிலும் அவன் வாயிலிருந்து அது வரவில்லை.

7 ஏப்ரல்

ஆறுதல் சொல்லி எழுதியவர்களுக்கு நன்றி. பதினான்கு வயசுப் பையன், விபத்துதானே என்கிறீர்கள். அது சரி. எனக்கு உறைப்பது அது இல்லை. 1998இல் எனக்கு முப்பத்து மூன்று வயது.

20 ஏப்ரல்

கதை என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கோவில் வாசல் காட்சியை எடுத்துவிட்டேன். கிராணி, செக்ரோல், குடிகாரன் எல்லாம் அப்படியே இருக்கிறது. கொலைகாரன் இடம் காலி.

வில்லன் அண்ணன் இன்னும் சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறாராம். லோரி ஓட்டுவதை விட்டுவிட்டார். காலையில் சந்தைப் பக்கம் தே குடிக்க வருவாராம், அதே நாற்காலி, அதே நேரம். சனிக்கிழமை போகிறேன். என்ன வாங்கிக்கொண்டு போவது என்று மனைவியைக் கேட்டேன். “மொதல்ல மொய்யக் கொண்டு போங்க” என்றாள். கிண்டலா நிஜமா தெரியவில்லை. கவர் வாங்கி வைத்திருக்கிறேன், எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) வைப்பது என்றுதான் ஓடவில்லை.

ஒரு திருத்தம். மார்ச் 4 இரவுக் குறிப்பில் மண்ணெண்ணெய் தகர டின்னில் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். டின் ஓட்டை.